கண்ணமுக்கமும் விழிவெண்படலத்தின் தடிப்பும்
குளோக்கோமா நோயை மதிப்பிடும் முறை பற்றிய ஓர் ஆய்வு

உடலுக்கு வரும் நோய்களுட் பல, நோவு, காய்ச்சல், வீக்கம் முதலிய குறிகளால் தம் வரவை முன்னரே அறிவித்துவிடுகின்றன. குளோக்கோமா என வழங்கும் கண்ணோய் இவ்வியல்பினதன்று. இந்நோயின் பெரும்பான்மையான வகையில் நோவு இல்லை, கண் சிவப்பதில்லை, எதிரே நிற்பவர் முகமும் நூலில் உள்ள எழுத்தும் நெடுங்காலம் தெளிவாகவே தெரிகின்றன. பார்வைப் புலத்தின் ஓரப் பகுதிகள் மாத்திரம் சிறிது சிறிதாக மறைகின்றன. ஒரு கண் இழந்த பகுதியை மற்றைக் கண் ஈடுசெய்துவிடுவதால், நோயாளர் தம் இழப்பை உணரும் வேளையிற் பார்வை நரம்பின் பெரும்பகுதி அழிந்துபோயிருத்தல் கூடும். அழிந்த நரம்பு மீள வளர்வதில்லை. 2020ஆம் ஆண்டில், 40 தொடக்கம் 80 வயது வரையுள்ளோருள் உலகெங்கணும் ஏறத்தாழ 7 கோடி 60 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகியிருப்பர் என 2014இல் வெளியான ஒரு கணிப்பு உரைத்தது.

இத்தகைய நோயை மதிப்பிடுவதற்கு மருத்துவர் கொள்ளும் அளவுகளுள் இரண்டு ஈண்டு ஆராயத்தக்கன. ஒன்று கண்ணின் உள்ளமுக்கம். மற்றையது கண்ணின் முன்புறத்தே கண்ணாடி போல் அமைந்துள்ள விழிவெண்படலத்தின் தடிப்பு. முன்னையது நூறாண்டுக்கு மேலாக அளக்கப்பட்டு வருவது. பின்னையது அண்மைக் காலத்திலேயே தனக்குரிய இடத்தைப் பெற்றது. இவ்விரு அளவுகளும் எவற்றைச் சொல்ல வல்லன, எவற்றைச் சொல்லமாட்டா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணில் அமுக்கம் உண்டாகும் விதம்

விழிக்கோளம் தன் உருவம் குலையாது நிற்பதற்கு அதனுள்ளே ஓரளவு அமுக்கம் இருத்தல் வேண்டும். வில்லையைச் சூழ்ந்துள்ள ஓர் உறுப்பு, தெளிந்த நீரொன்றை இடைவிடாது சுரந்துகொண்டிருக்கிறது. இந்நீர் வில்லைக்கும் கதிராளிக்கும் இடையே சென்று, கண்மணி வழியாக முன்னறையை அடைந்து, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் கோணத்தில் உள்ள வலைபோன்ற இழையத்தினூடாக வடிந்து, ஈற்றில் இரத்தக் குழாய்களிற் கலக்கிறது. கன்னத்தில் வழியும் கண்ணீர் வேறு, இந்நீர் வேறு. சுரப்பும் வடிகாலும் ஒத்திருக்கும்வரை அமுக்கம் ஒரு நிலையில் நிற்கும். வடிகாலில் தடை நேரின் அமுக்கம் உயரும்.

அக்கோணம் திறந்திருக்கவும் வலையிழையத்தில் தடை கூடுவதால் வருவது திறந்தகோணக் குளோக்கோமா. கதிராளி கோணத்தை அடைத்துக்கொள்வதால் வருவது மூடுகோணக் குளோக்கோமா. பின்னையது சில வேளைகளிற் கடும் நோவோடு திடீரெனத் தோன்றுவது. அதன் சிகிச்சை முறையும் வேறு. இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது முன்னையதே.

உயர்ந்த அமுக்கத்தின் தாக்கத்தை மிகுதியும் தாங்குவது பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடமாகும். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய நார்கள் அவ்விடத்திலே சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகளூடே செல்கின்றன. அமுக்கத்தால் அத்தட்டு வளைந்து நெளியும்போது நார்கள் நசுங்குகின்றன. அவற்றுக்குரிய குருதியோட்டமும் குன்றுகிறது. நார்கள் மடிய மடிய நரம்பின் நடுவேயுள்ள குழி அகன்றுகொண்டே போகிறது. எனவே, குளோக்கோமா என்பது நரம்பின் அழிவேயாம். உயர்ந்த அமுக்கம் அவ்வழிவுக்கு ஏதுவாகும் காரணங்களுள் முதன்மையானது. நோயையும் அதன் காரணத்தையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே நெடுங்காலம் மயக்கம் நேர்ந்தது.

அமுக்கத்தை அளந்த வரலாறு

1830இல் ஸ்கொத்லாந்து மருத்துவர் வில்லியம் மக்கென்சி, இந்நோயில் விழி கடினமாதலை எடுத்துரைத்தார். அக்காலத்தில் மூடிய இமையின்மேல் விரல்களை வைத்து அழுத்திப் பார்ப்பதே அளவு முறையாக இருந்தது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் அமைத்த கண்நோக்கியை உலகுக்கு அறிவித்தபின், உயிருள்ள மனிதரின் பார்வை நரம்பைக் கண்ணாற் காண இயன்றது. 1857இல் ஜேர்மனியரான வொன் கிறேஃபே, கதிராளியின் ஒரு பகுதியை வெட்டி நீக்கிக் குளோக்கோமாவுக்குச் சிகிச்சை செய்யும் முறையை வெளியிட்டார்.

1885இல் ரஷ்யரான மக்லகோவ், நிறை தெரிந்த ஒரு தட்டையான பொருளை விழியின்மேல் வைத்து, அது தட்டையாக்கும் பரப்பைக்கொண்டு அமுக்கத்தைக் கணித்தார். 1905இல் நோர்வே நாட்டவரான ஷியோட்ஸ், ஒரு சிறு தண்டு விழியை எவ்வளவு ஆழம் குழிக்கிறது என்பதைக் காட்டும் கருவியை அமைத்தார். அரை நூற்றாண்டு காலம் அதுவே எங்கும் வழங்கியது. ஆயின், விழியைக் குழிக்கும்போது உள்ளமுக்கமே உயர்ந்துவிடும் என்பது அதன் குறையாகும்.

இக்குறையைப் பெரிதும் நீக்கியவர் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரைச் சேர்ந்த ஹான்ஸ் கோல்ட்மன் ஆவார். 1957இல் அவரும் ஷிமித்தும் வெளியிட்ட ஆய்விற் கண்ட கருவி இன்றும் அளவுக் கருவிகளுக்கெல்லாம் ஒப்புநோக்கும் தரமாக நிலவுகிறது. அதன் தத்துவம் உயர்வகுப்பு மாணவர் அறிந்த ஒன்றே. நீர் நிறைந்த ஒரு கோளத்தின் மெல்லிய சுவரைச் சிறிதளவு தட்டையாக்க வேண்டிய விசையை, தட்டையான பரப்பால் வகுத்தால் உள்ளமுக்கம் பெறப்படும். ஆனாற் கண்ணின் சுவருக்குத் தடிப்பும் விறைப்பும் உண்டு. அது கருவியை எதிர்த்துத் தள்ளும். கண்ணின் ஈரமோ தன் மேற்பரப்பிழுவையாற் கருவியைக் கண்ணை நோக்கி இழுக்கும். தட்டையாகும் வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீற்றரை ஒட்டி இருக்கும்போது இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் எனக் கோல்ட்மன் கண்டு, 3.06 மில்லிமீற்றர் விட்டத்தைத் தெரிந்தெடுத்தார்.

அவ்வெண்ணைத் தெரிந்தமைக்கு வேறொரு நயமும் உண்டு. அவ்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7.35 சதுர மில்லிமீற்றர். 1 மில்லிமீற்றர் இரசத்தின் அமுக்கம், ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் 0.0136 கிராம் நிறைக்குச் சமமான விசையைத் தரும். இரண்டையும் பெருக்கின் 0.1 கிராம் கிடைக்கிறது. எனவே, கருவி செலுத்தும் விசையைக் கிராமில் அறிந்து பத்தாற் பெருக்கினாற் கண்ணமுக்கம் மில்லிமீற்றர் இரசத்திற் கிடைத்துவிடும். 1.6 கிராம் விசை வேண்டியிருப்பின் அமுக்கம் 16 மில்லிமீற்றராகும்.

21 என்னும் எல்லை

1958இல் ஜேர்மனியில் லைடெக்கரும் அவருடன் உழைத்தோரும் பெருந்தொகையான மக்களின் கண்ணமுக்கத்தை அளந்து வெளியிட்டனர். சராசரி 16 மில்லிமீற்றரை ஒட்டியிருந்தது. சராசரியோடு நியமவிலகலின் இருமடங்கைக் கூட்ட வந்த எண் 21. அதுமுதல் 21க்கு உட்பட்டது இயல்பு, அதற்கு மேற்பட்டது நோய் என்னும் கொள்கை பரவிற்று. இவ்வெல்லை எண்ணியல் முறையாற் பெறப்பட்டதேயன்றி, நரம்பு அழியத் தொடங்கும் இடத்தைக் கண்டு வகுக்கப்பட்டதன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். உயரத்தில் மிகுந்தோர் யாவரும் நோயாளர் ஆகாதவாறு போல, அமுக்கத்தில் மிகுந்தோர் யாவரும் நோயாளர் ஆகார்.

பின்வந்த ஆய்வுகள் இவ்வெல்லையை இருபுறத்தும் தகர்த்தன. அமுக்கம் 21ஐக் கடந்திருந்தும் பல்லாண்டுகள் நரம்பு கெடாது வாழ்வோர் பலர் காணப்பட்டனர். இவர்நிலை உயர்கண்ணமுக்கம் எனப்பட்டது, குளோக்கோமா எனப்படவில்லை. மறுபுறத்தே, 21ஐ எட்டாத அமுக்கத்திலும் நரம்பு அழிந்தோர் பலர் இருந்தனர். யப்பானின் தஜிமி நகரில் 2000, 2001ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வில், திறந்தகோணக் குளோக்கோமா உடையோருள் நூற்றுக்கு 92 பேரின் அமுக்கம் 21 மில்லிமீற்றருக்கு மேற்படவில்லை. அமுக்கம் ஒன்றையே கொண்டு அந்நகரில் நோயாளரைத் தேடியிருப்பின், பத்தில் ஒன்பது பேர் தப்பிப்போயிருப்பர். மேலும், கண்ணமுக்கம் நாள் முழுவதும் ஒரேயளவாய் நிற்பதில்லை. காலை ஒன்று, மாலை ஒன்று. இருக்கும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று. ஒருமுறை பெற்ற எண் ஒரு கணத்தின் எண்ணேயாகும்.

தடிப்பின் பங்கு

விழிவெண்படலம் நடுவிலே மெலிந்தும் ஓரத்திலே தடித்தும் இருப்பது. நடுத்தடிப்புப் பெரும்பாலும் அரை மில்லிமீற்றரை ஒட்டியது. மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறாகிய மைக்கிரோமீற்றரில் அதனை அளப்பது வழக்கம். செவிக்கு எட்டாத உயர் அதிர்வுள்ள ஒலியைப் படலத்தூடு செலுத்தி, அதன் முன்புறத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் மீளும் எதிரொலிகளின் கால வேறுபாட்டைக் கருவி காண்கிறது. படலத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1640 மீற்றர் எனக் கொள்ளப்படுகிறது. தடிப்பு 540 மைக்கிரோமீற்றராயின், ஒலி போய்மீள ஒரு செக்கனின் பத்து இலட்சத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரமே செல்லும். இன்று ஒளியைக்கொண்டு தடிப்பை அளக்கும் கருவிகளும் வழக்கில் உள.

கோல்ட்மன் தம் கருவியை அமைக்கையிற் படலத்தின் தடிப்பு 500 மைக்கிரோமீற்றர் எனக் கொண்டார். தடிப்பு வேறுபடின் அளவும் வேறுபடும் என்பதை அவரே அறிந்திருந்தார். ஆனால் வேறுபாடு மனிதரிடையே மிகச் சிறிது எனக் கருதினார். 1975இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏலர்ஸ் என்பாரும் அவர் துணைவரும், சத்திரசிகிச்சை பெறும் கண்களினுள்ளே நுண்குழாயைச் செலுத்தி உண்மையான அமுக்கத்தை அறிந்து, கருவி காட்டிய எண்ணோடு ஒப்பிட்டனர். தடிப்பு 520 மைக்கிரோமீற்றரை ஒட்டியபோது இரண்டும் ஒத்தன. தடித்த படலத்தில் கருவி உண்மையினும் கூடுதலாகவும், மெலிந்த படலத்தில் குறைவாகவும் காட்டிற்று. 70 மைக்கிரோமீற்றர் வேறுபாட்டுக்கு 5 மில்லிமீற்றர் வரை பிழை நேரலாம் என்பது அவர் கணிப்பு. பின்வந்தோர் பலர் இப்பிழை இதனினும் சிறிதெனக் கண்டனராயினும், பிழையின் திசை பற்றிப் பொதுவில் உடன்பாடே நிலவுகிறது. தடித்த தோலுடைய பழத்தையும் மெல்லிய தோலுடைய பழத்தையும் விரலால் அழுத்திப் பார்ப்பவர், உள்ளீடு ஒரே பதமாக இருப்பினும், முன்னையதே கடினமானது என எண்ணுவது இதனை ஒக்கும்.

2002ஆம் ஆண்டின் முடிபுகள்

தடிப்பின் முக்கியத்துவத்தை ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுத்தியது ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற உயர்கண்ணமுக்கச் சிகிச்சை ஆய்வாகும். 40 தொடக்கம் 80 வயதுடைய 1636 பேர் இதிற் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் அமுக்கம் உயர்ந்திருந்தது. ஒருவருக்கேனும் நரம்புச் சேதம் காணப்படவில்லை. ஒரு பிரிவினருக்கு அமுக்கத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து அளிக்கப்பட்டது. மற்றைப் பிரிவினர் மருந்தின்றிக் கூர்ந்து கவனிக்கப்பட்டனர். ஐந்தாண்டு முடிவில், மருந்து பெறாதோருள் நூற்றுக்கு 9.5 பேருக்கும், பெற்றோருள் 4.4 பேருக்கும் குளோக்கோமா தோன்றியது. மருந்தின் பயன் இதனால் நிறுவப்பட்டது. உயர்ந்த அமுக்கம் உடையோருள் மிகப் பெரும்பாலார் ஐந்தாண்டில் மருந்தின்றியும் நோயுறவில்லை என்பதும் உடன் விளங்கிற்று.

அவ்வாறாயின், யார் நோயுறுவர் என்பதை முன்னறிவது எங்ஙனம்? மருந்து பெறாதோரை அமுக்கத்தாலும் தடிப்பாலும் வகுத்துச் சராசரி 6 ஆண்டுகள் நோக்கியதில் ஒரு தெளிவு பிறந்தது. அமுக்கம் 25.75 மில்லிமீற்றருக்கு மேற்பட்டு, தடிப்பு 555 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாதோருள் நூற்றுக்கு 36 பேர் நோயுற்றனர். அதே உயர்ந்த அமுக்கம் இருந்தும் தடிப்பு 588க்கு மேற்பட்டோருள் நோயுற்றோர் 6 பேரே. அமுக்கம் 23.75க்கு உட்பட்டிருந்தோருள், மெலிந்த படலமுடையோரில் நூற்றுக்கு 17 பேரும், தடித்த படலமுடையோரில் 2 பேரும் நோயுற்றனர். இவ்வெண்களுள் இரண்டினை அருகருகே வைத்து நோக்குதல் தகும். குறைந்த அமுக்கமும் மெலிந்த படலமும் உடையோர் 17. உயர்ந்த அமுக்கமும் தடித்த படலமும் உடையோர் 6. அமுக்கத்தை மாத்திரம் நோக்கும் மருத்துவர், மருந்து வேண்டியவரை விட்டு வேண்டாதவருக்கு அளித்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருத்தச் சூத்திரம் பொருந்துமா?

இதனை அறிந்தபின், தடிப்புக்கேற்ப அமுக்கத்தோடு சில எண்களைக் கூட்டியோ கழித்தோ உண்மை அமுக்கத்தைப் பெற்றுவிடலாம் எனப் பலர் கருதினர், அட்டவணைகளும் எழுந்தன. இவ்வழி பார்வைக்கு எளிது, ஆயின் நம்பத்தக்கதன்று. ஒரே தடிப்புடைய இரு படலங்கள் ஒரே விறைப்புடையனவாக இருப்பதில்லை. வயதும் நீர்ச்செறிவும் இழைகளின் அமைப்பும் விறைப்பை மாற்றுவன. நீர் கோத்து வீங்கிய படலம் தடித்திருந்தும் மென்மையாகவே இருக்கும். அதன்கண் சூத்திரம் நேர்மாறான பிழையைத் தரும். மேற்கூறிய அமெரிக்க ஆய்வின் தரவுகளைக்கொண்டே 2012இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சூத்திரங்களால் அமுக்கத்தைத் திருத்துவதால் நோயை முன்னறியும் ஆற்றல் மேம்படவில்லை எனக் காட்டியது. அமுக்கத்தையும் தடிப்பையும் தனித்தனி அளவுகளாக வைத்து, இரண்டையும் சேர எண்ணி முடிவு செய்வதே தக்கது. மெலிந்த படலம் அளவுப் பிழைக்கு மாத்திரம் காரணமா, அன்றி விழியின் பின்புறத்திலுள்ள சல்லடைத் தட்டின் வலுக்குறைவுக்கும் அடையாளமா என்பது இன்னும் ஆராய்ச்சிக்குரிய வினாவாகவே உள்ளது.

ஒரு செய்தி மாத்திரம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. கண்ணாடியைத் தவிர்க்கும்பொருட்டு லேசர் கதிராற் படலத்தைச் செதுக்கிக்கொண்டவர்களின் படலம் சிகிச்சையால் மெலிந்துவிடுகிறது. பிற்காலத்தில் அவர்களுடைய அமுக்கம் உண்மையினும் குறைவாகவே அளவிற் தோன்றும். ஆதலின், அச்சிகிச்சை பெற்ற செய்தியைக் கண் மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும்.

நோயின் கடுமை வேறு, அபாயம் வேறு

அமுக்கமும் தடிப்பும் வரவிருக்கும் அபாயத்தை உணர்த்துவன. வந்துவிட்ட நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்பதை அறிய நரம்பையும் பார்வைப் புலத்தையும் நேரே பரிசோதித்தல் வேண்டும். நரம்புத் தட்டின் விட்டத்தில் நடுக்குழி எத்தனை பங்கு என்பதை மருத்துவர் குறித்துக்கொள்கிறார். பார்வைப் புலத்தை அளக்கும் கருவி, வெவ்வேறு இடங்களில் ஒளிப்புள்ளிகளைத் தோற்றுவித்து, அவற்றைக் காணும் ஆற்றல் அதே வயதினரின் இயல்பிலிருந்து எவ்வளவு குறைந்துள்ளது என்பதை டெசிபெல் அளவிற் தருகிறது. 1993இல் ஹொடப், பாரிஷ், அண்டர்சன் ஆகியோர் வகுத்த முறைப்படி, சராசரிக் குறைவு 6 டெசிபெல்லுக்கு உட்பட்டது ஆரம்ப நிலை; 6க்கும் 12க்கும் இடைப்பட்டது நடுநிலை; 12ஐக் கடந்தது முற்றிய நிலை. பார்வையின் மையத்தை ஒட்டிய சேதம் தனியே கருதப்படும்.

எனினும், கடுமைக்கும் தடிப்புக்கும் தொடர்பே இல்லை எனல் ஆகாது. முதன்முறையாகச் சிறப்பு மருத்துவரிடம் வரும்போதே நோய் முற்றியிருந்தவர்களிடத்திற் படலம் மெலிந்திருந்தமையை 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அவருட் சிலரின் அமுக்கம் இயல்பெனக் கருதப்பட்டுக் காலங்கடந்து நோய் அறியப்பட்டிருத்தல் ஒரு காரணமாகலாம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். இருவர் மருத்துவரிடம் செல்கின்றனர். ஒருவருக்கு அமுக்கம் 25, தடிப்பு 600. நரம்பும் பார்வைப் புலமும் நலமாக உள்ளன. மற்றவருக்கு அமுக்கம் 18, தடிப்பு 480; நரம்பின் குழி அகன்று, பார்வைப் புலத்தில் 8 டெசிபெல் குறைவு காணப்படுகிறது. அமுக்க எண்ணை மாத்திரம் காண்போர் முன்னவரையே நோயாளர் என்பர். உண்மையில் முன்னவர் காலந்தோறும் கவனிக்கப்பட வேண்டியவர். பின்னவர் நடுநிலை நோயாளர், உடனே சிகிச்சை பெற வேண்டியவர். 18 என்னும் அவ்வமுக்கமும் அவர் நரம்புக்கு மிகையே. அது மேலும் குறைக்கப்படல் வேண்டும். சுவீடனில் நிகழ்ந்த ஆரம்பக் குளோக்கோமா ஆய்வு, அமுக்கம் 1 மில்லிமீற்றர் குறையுந்தோறும் நோய் வளரும் அபாயம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைவதைக் காட்டியது. சொட்டு மருந்து, லேசர், சத்திரசிகிச்சை என்னும் மூன்றும் இந்த ஒரு நோக்கத்தையே உடையன. இழந்த பார்வையை இவை மீட்டுத் தருவதில்லை. எஞ்சிய பார்வையைக் காத்துத் தருகின்றன.

தமிழ்மக்களிடத்து இவ்வளவுகள்

மேலைநாட்டு எண்களை அவ்வாறே எடுத்து எங்கும் வழங்குதல் தவறு என்பதற்குச் சென்னைக் குளோக்கோமா ஆய்வு தக்க சான்றாகும். தமிழ்நாட்டின் கிராமத்திலும் நகரத்திலும் 40 வயதுக்கு மேற்பட்டோரிடம் 2001ஆம் ஆண்டு தொடக்கம் நிகழ்ந்த இவ்வாய்வில், படலத்தின் சராசரித் தடிப்பு ஏறத்தாழ 511 மைக்கிரோமீற்றர் எனக் காணப்பட்டது. அமெரிக்க ஆய்வில் இடம்பெற்றோரின் சராசரியோ 573. அவ்வாய்விற் சேர்க்கப்பட்டோர் உயர்ந்த அமுக்கம் பற்றியே தெரிந்தெடுக்கப்பட்டவராதலின், தடித்த படலமுடையோர் அவருள் மிகுந்திருந்தமை இயல்பே. முழு வேறுபாட்டையும் இனத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. எவ்வாறாயினும், 555 மைக்கிரோமீற்றரை மெலிந்த படலத்தின் எல்லையாகக் கொண்டாற் சென்னையில் பரிசோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலார் மெலிந்த படலமுடையோர் ஆகிவிடுவர். ஒரு மக்கட் கூட்டத்திற் பெற்ற எல்லையைப் பிறிதொன்றுக்கு வழங்குமுன் அக்கூட்டத்தின் சொந்த அளவுகளை அறிதல் வேண்டும். கருவி காட்டும் 20 என்னும் எண்ணைக்கொண்டு நிம்மதி அடையுமுன், அது எவ்வகைப் படலத்தினூடாகப் பெறப்பட்டது என வினவுதலும் வேண்டும்.

அவ்வாய்வு உணர்த்திய மற்றொரு செய்தி இதனினும் கவலைக்குரியது. கிராமப் பகுதியில் திறந்தகோணக் குளோக்கோமா உடையோராகக் கண்டறியப்பட்டோருள், அதற்குமுன் தம் நோயை அறிந்திருந்தோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. கருவியும் மருந்தும் உள்ள காலத்திலும், பரிசோதனைக்குச் செல்லாமையால் பார்வை இழக்கப்படுகிறது.

எனவே, 40 வயதைக் கடந்தோர் கண் மருத்துவரை நாடி முழுப் பரிசோதனை செய்துகொள்ளல் நன்று. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் உள்ளவர்கள் அதனை ஒத்திவைத்தல் கூடாது. புதிய கண்ணாடி பெறுதற்கு எழுத்துப் பலகையை வாசித்துக் காட்டுதல் இப்பரிசோதனையாகாது. நோய் முற்றியவரும் அப்பலகையின் கடைசி வரியை வாசித்துவிடக் கூடும். அமுக்கம் எத்தனை, படலத்தின் தடிப்பு எத்தனை, நரம்பு எந்நிலையில் உள்ளது, பார்வைப் புலம் நிறைவாக உள்ளதா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை பெற்று, அவ்விடைகளை ஒரு தாளிற் குறித்துப் பேணிவருவோர், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது தம் கண்ணின் வரலாற்றையே உடன்கொண்டு செல்வோர் ஆவர். இந்நோயில் ஒரு நாளைய அளவினும், ஆண்டுகள் பலவற்றின் அளவுகளை ஒப்புநோக்குவதே மருத்துவர்க்கு மிகுதியும் துணைசெய்வதாகும்.